ஒரு ஸ்பேஸுக்கு ஒன்பது கமென்ட்: தன்னார்வ மென்பொருளில் 'ஸ்டைல்' சண்டையை யார் தீர்ப்பது?

இப்படி வைத்துக்கொள்வோம். லாஸ்பேட்டையில் வீடு, காலாப்பட்டில் கல்லூரி, கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. தமிழ் உரையை அலசும் ஓர் இலவச மென்பொருள், 'ஸ்ரீ' வரும் இடத்திலெல்லாம் எழுத்துக் கணக்கைத் தப்பாகச் சொல்வதை ஒரு மாணவி கவனிக்கிறார். நிரலைத் திறந்து பார்க்கிறார். இரண்டு இரவு உட்கார்ந்து, நான்கே வரியில் சரிசெய்து, கிட்ஹப்பில் 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்புகிறார். அதாவது, 'நான் திருத்தியிருக்கிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற விண்ணப்பம். அவருக்கு இதுதான் முதல் முறை.

மூன்றாம் நாள் பதில் வருகிறது. பதினொரு கமென்ட். கமாவுக்குப் பிறகு ஒரு ஸ்பேஸ் விடவும். இந்த வரி 79 எழுத்தைத் தாண்டுகிறது. ஒற்றை மேற்கோள் வேண்டாம், இரட்டை மேற்கோள் போடவும். ஃபங்ஷனுக்கு முன்னால் இரண்டு காலி வரி. இப்படியே ஒன்பது. மீதி இரண்டில் ஒன்று 'நன்றி', இன்னொன்று வெறும் கேள்விக்குறி. அவர் செய்த திருத்தம் சரியா தப்பா என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு. அந்தப் பக்கத்தை அவர் மறுபடி திறக்கவே இல்லை. 'ஸ்ரீ' இன்னும் தப்பாகத்தான் எண்ணப்படுகிறது.

கற்பனைதான். ஆனால் ஓப்பன் சோர்ஸ் பக்கம் கொஞ்ச நாள் புழங்கியவர்கள், 'நம்ம ப்ராஜெக்டைத்தான் சொல்றாங்களோ?' என்று நினைப்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஒன்பது கமென்ட்டிலும் ஒன்றுகூடத் தப்பில்லை. விதிப்படி எல்லாம் சரி.

புதுச்சேரியில் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்ட்வேர் மூவ்மென்ட், விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு, சென்னையில் கணியம் அறக்கட்டளை என்று நம் பக்கம் கட்டற்ற மென்பொருளுக்காக இயங்கும் குழுக்கள் பல இருக்கின்றன. வேலை, கல்லூரி போக மிஞ்சிய நேரத்தில்தான் இவர்களின் வேலை நடக்கிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் கோடிங் ஸ்டைல் விதிகளை எப்படி அமல்படுத்துவது என்பது பார்க்கச் சின்ன விஷயம். புதிதாக வருபவர் தங்குவாரா, போய்விடுவாரா என்பதைப் பல நேரம் அதுதான் முடிவு செய்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதி கட்டாயம் வேண்டும். ஆனால் அதை அமல்படுத்துவது மனிதர் வேலை இல்லை.

ஸ்டைல் என்றால் என்ன?

ஒரு நாளிதழ் 'பிரச்சினை' என்று எழுதும். இன்னொன்று 'பிரச்னை' என்று எழுதும். இரண்டும் வாசகருக்குப் புரியும். ஆனால் ஒரே நாளிதழில், ஒரே பக்கத்தில், இரண்டும் மாறி மாறி வந்தால் கண் உறுத்தும். அதனால் ஒவ்வோர் அலுவலகத்திலும் 'நம்ம வழக்கம் இதுதான்' என்று ஒன்று இருக்கும்.

நிரலிலும் அப்படியே. வரியை எவ்வளவு தள்ளி ஆரம்பிப்பது, தள்ளுவதற்கு டேப் அழுத்துவதா ஸ்பேஸ் அழுத்துவதா, அடைப்புக்குறி அதே வரியிலா அடுத்த வரியிலா, பெயர்களில் அடிக்கோடு போடுவதா. பெரும்பாலான மொழிகளில் கணினிக்கு இதைப் பற்றிக் கவலையே இல்லை. பைத்தான் போன்ற சில மொழிகளில் வரியைத் தள்ளி எழுதுவது இலக்கணத்திலேயே சேர்த்தி. மற்றபடி இந்த விதிகளெல்லாம் அடுத்து வந்து படிக்கப்போகும் மனிதருக்காக.

பைத்தானுக்கு 2001-ல் எழுதப்பட்ட 'பெப் 8' என்ற ஆவணம்தான் இந்த வகையில் அதிகம் பேசப்படுவது. ஒரு வரிக்கு 79 எழுத்து என்பது அதன் பிரபலமான விதி. எங்கிருந்து வந்தது இந்த எண்? ஐபிஎம் 1928-ல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. பின்னால் வந்த டெர்மினல் திரைகளும் அதே 80-ஐப் பிடித்துக்கொண்டன. அட்டை போய் அரை நூற்றாண்டு ஆகிறது, அகலம் மட்டும் தங்கிவிட்டது. லினக்ஸ் கெர்னல் குழு 2020-ல்தான் எச்சரிக்கை எல்லையை 100 ஆகத் தளர்த்தியது.

லினக்ஸ் கெர்னலின் ஸ்டைல் ஆவணமும் ஒரு தனி ரகம். குனு அமைப்பின் ஸ்டைல் விதிகளை அச்செடுத்து, படிக்காமலே கொளுத்திவிடுங்கள் என்று கிண்டலாகச் சொல்லித்தான் அது ஆரம்பிக்கிறது. பெரிய மனிதர்களுக்கே இதில் இவ்வளவு சூடு இருக்கிறது!

குடி முழுகுமா? சில சமயம் முழுகும்

'ஒரு ஸ்பேஸ் போனா குடியா முழுகிடும்?' என்று கேட்பவர்களுக்கு 2014 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐபோனிலும் மேக் கணினியிலும் பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் ஆப்பிளின் நிரலில் ஒரே ஒரு வரி இரண்டு முறை வந்துவிட்டது. 'சரிபார்ப்பு தோற்றால் வெளியேறு' என்ற வகை வரி. முதலாவது நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. விளைவு, கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிப் படி நடக்கவே இல்லை. பொதுவெளி வைஃபையில் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், உங்கள் வங்கிப் பக்கம் மாதிரி நடிக்க வழி பிறந்துவிட்டது.

ஏன் யார் கண்ணிலும் படவில்லை? இரண்டு வரியும் ஒரே அளவு தள்ளி எழுதப்பட்டிருந்தன. பார்ப்பவருக்கு இரண்டுமே நிபந்தனைக்குள் இருப்பது போலத் தோன்றும். அடைப்புக்குறி கட்டாயம் என்ற விதி இருந்திருந்தால் இந்தப் பிழை இவ்வளவு எளிதாக நுழைந்திருக்காது. தானாக வரிகளை ஒழுங்குபடுத்தும் கருவியை ஓட்டியிருந்தாலும் அந்த இரண்டாவது வரி இடது பக்கம் நகர்ந்து நின்று, தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்கும். ஏமாற்றும்படி தள்ளி எழுதிய வரியைச் சுட்டும் எச்சரிக்கை ஜிசிசி கம்பைலரில் 2016-ல் வந்தது.

அது சம்பளம் வாங்குபவர்கள் எழுதியது. தன்னார்வலர்கள் பக்கம் வருவோம். அதே 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியானது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த பிழை அது. உலகமே பயன்படுத்திய அந்த மென்பொருளுக்கு அப்போது வருடத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹார்ட்பிளீடுக்குக் காரணம் ஸ்டைல் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பல வருடம், பல கை பட்டு, ஒரே சீரில்லாமல் வளர்ந்த அந்த நிரலை வெளியாட்கள் படிப்பது பெரும் பாடாக இருந்தது. அதனால் 2015 தொடக்கத்தில் முழு நிரலையும் ஒரே ஸ்டைலுக்கு மாற்றினார்கள். வெளியிலிருந்து இன்னும் பத்து பேர் வந்து படிக்க வேண்டுமென்றால் முதலில் அது படிக்கும்படி இருக்க வேண்டும் அல்லவா?

ஆகவே விதியே வேண்டாம், அவரவர் இஷ்டம் என்பது சரிப்படாது. அது புதியவருக்குத்தான் அதிகக் கெடுதல். எழுதிவைத்த விதி இல்லாத இடத்தில் மூத்தவரின் ரசனைதான் விதி. அது எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று புதியவருக்குத் தெரியாது. எழுத்தில் இருந்தால், 'இதோ இப்படித்தான் போட்டிருக்கு அண்ணா' என்று காட்டவாவது முடியும்.

மனிதர் செய்தால் ஏன் கசக்கிறது?

அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், லட்சக்கணக்கில் பணம், ஐந்து நிமிடத்தில் கைதட்டல். கேட்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்று வந்தால் ஒரு மணி நேரம். ஏனென்றால் லிஃப்ட் பற்றி யாருக்கும் தெரியாது, நிறம் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. நார்த்கோட் பார்க்கின்சன் 1957-லேயே இதை எழுதிவிட்டார். அவர் சொன்ன உதாரணம் அணு உலையும் சைக்கிள் கொட்டகையும். 1999-ல் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஓப்பன் சோர்ஸ் குழுவில் ஒருவர் அதை எடுத்துப் பேசியதிலிருந்து, மென்பொருள் உலகில் வெட்டி விவாதத்துக்கே சைக்கிள் கொட்டகை என்று பெயர் வந்துவிட்டது.

ரிவ்யூ செய்பவருக்கும் இதேதான் நடக்கிறது. இரவு பத்தரை மணிக்கு, நாள் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்த களைப்போடு ஒருவர் உட்கார்கிறார். 'ஸ்ரீ' திருத்தம் சரியா என்று பார்க்க யூனிகோடு புரிய வேண்டும், பழைய நிரல் நினைவிருக்க வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும். கமாவுக்குப் பிறகு ஸ்பேஸ் இல்லை என்பது சும்மா பார்த்தாலே தெரியும். எது சுலபமோ அதைச் செய்துவிட்டு, ரிவ்யூ முடித்த திருப்தியோடு தூங்கப் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவருக்கும் யாரும் காசு கொடுக்கவில்லை.

கம்பெனியில் இதே ஒன்பது கமென்ட் வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துவோம். மாதக் கடைசியில் சம்பளம் வரும். டீம் லீட் சிடுசிடுத்தாலும் மதியம் டீக்கடையில் சரியாகிவிடும். முகம் தெரியாத தன்னார்வக் குழுவில் எழுத்தில் வரும் கண்டிப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சொன்னவர் நல்லவர் என்பது தெரியாது. ஆங்கிலத்தில் ஒருவரியில் வந்த கட்டளை, தமிழ் வழியில் படித்து வந்த மாணவர் காதில் இன்னும் இரண்டு மடங்கு கடுமையாக விழும்.

அதே குறையை ஒரு இயந்திரம் சொன்னால் யாருக்கும் ரோஷம் வருவதில்லை. எழுத்துப் பிழையைச் செல்போன் திருத்தும்போது நமக்குக் கோபம் வருகிறதா என்ன? (தப்பாகத் திருத்தினால் வரும், அது வேறு.)

இயந்திரத்திடம் விட்டவர்கள்

2009-ல் கூகுள் வெளியிட்ட 'கோ' மொழி இந்த விவாதத்தை முளையிலேயே கிள்ளியது. மொழியோடு சேர்த்தே 'கோஃபம்ட்' என்ற கருவியைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் எப்படி எழுதினாலும் அது ஒரே மாதிரி அடுக்கிவிடும். கோ நிரலாளர்கள் டேப்-ஸ்பேஸ் சண்டை போடுவதை அதிகம் பார்க்க முடியாது. அந்த அடுக்கு எல்லோருக்கும் பிடித்தமானது என்று இல்லை, சண்டை இல்லாமல் இருப்பது பிடித்திருக்கிறது.

பைத்தானுக்கு 2018-ல் 'பிளாக்' வந்தது. விட்டுக்கொடுக்காத கருவி என்று அதுவே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. மாற்றிக்கொள்ளும் வசதிகளை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். வரிக்கு 88 எழுத்து என்று ஒரு கணக்கு. ஏன் 88 என்று யாரும் சங்கம் வைத்துச் சண்டை போடவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் 'பிரிட்டியர்' இதே வேலையைச் செய்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கருவிகளில் இரண்டு ரகம். 'லின்டர்' குறை கண்டுபிடிக்கும், 'ஃபார்மேட்டர்' குறையைத் தானே சரிசெய்யும். பல தன்னார்வக் குழுக்கள் லின்டரை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டு, 'நாங்கள் ஆட்டோமேட் செய்துவிட்டோம்' என்கிறார்கள். முதல்முறை வருபவருக்குச் சிவப்பு நிறத்தில் 43 பிழைகள் வந்து விழும். ஒன்பது கமென்ட்டே தேவலாம் என்று தோன்றும். 

பெப் 8 விதிகளைச் சோதிக்கும் கருவி ஒன்றுக்கு 'பெப்8' என்றே பெயர் இருந்தது. பைத்தானை உருவாக்கிய குவிடோ வான் ரோசம், ஆவணத்தையும் கருவியையும் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், தயவுசெய்து பெயரை மாற்றுங்கள் என்று 2016-ல் கேட்டுக்கொண்டார். அது 'பைகோட்ஸ்டைல்' ஆனது. அவர் ஆவணத்தில், எங்கே விதியைத் தளர்த்த வேண்டும் என்பதற்கே தனிப் பகுதி இருக்கிறது. விதியைப் பின்பற்றினால் படிப்பது கஷ்டமாகும் என்றால் பின்பற்றாதீர்கள் என்கிறது. கருவிக்கு அந்தப் பகுதி தெரியாது.

'கருவியை உங்கள் லேப்டாப்பில் நிறுவி, ஓட்டிவிட்டு அனுப்புங்கள்' என்பது அடுத்த பழக்கம். கேட்க நியாயம். ஆனால் கல்லூரி லேப் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இருக்காது. வீட்டில் அண்ணனிடமிருந்து வந்த பழைய லேப்டாப், விண்டோஸ், பைத்தான் பதிப்பு பொருந்தவில்லை. அரை நாள் போய்விடும். என் கருத்து, முதல்முறை வருபவரிடம் இதைக் கேட்கவே கூடாது. புல் ரிக்வெஸ்ட் வந்ததும் ப்ராஜெக்ட் பக்கமே ஃபார்மேட்டரை ஓட்டி, திருத்திய வடிவத்தைச் சேர்த்துவிடும்படி அமைக்க முடியும். கிட்ஹப்பில் பொதுவில் திறந்திருக்கும் திட்டங்களுக்கு அதன் வழக்கமான கணினிகளில் இதற்குச் செலவும் இல்லை. யாராவது ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

'அப்போ அவங்க எப்படி நல்ல ஸ்டைல் கத்துக்குவாங்க?' என்று ஒரு மெயின்டெய்னர் கேட்கலாம். இயந்திரம் மாற்றியதைத் திரையில் பார்த்துத்தான். நான்கு முறை பார்த்தால் ஐந்தாவது முறை கை தானாக அப்படியே எழுதும்.

பழைய நிரலை என்ன செய்வது?

பத்து வருடம் பழைய ப்ராஜெக்டில் இன்று ஃபார்மேட்டரை ஓட்டினால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வரிகள் மாறும். 'இந்த வரியை யார், ஏன் எழுதினார்' என்று கிட் காட்டும் வரலாற்றில் எல்லா வரிக்கும் ஃபார்மேட்டரை ஓட்டியவர் பெயரே வந்து நிற்கும். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் 2019-ல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட மாற்றங்களைக் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். டிஜாங்கோ குழு பிளாக் கருவிக்கு மாறலாம் என்று 2019-லேயே முடிவெடுத்துவிட்டது. மாற்றியது 2022 பிப்ரவரியில், ஒரே வீச்சில். உலகம் முழுக்கப் பயன்படும் ப்ராஜெக்டே அவசரப்படவில்லை.

செய்யக்கூடாதது, இதைப் புதியவர்கள் கையில் துண்டு துண்டாகக் கொடுப்பது. 2020 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? நான்கு புல் ரிக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட் என்ற 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்ச்சியில், ஒரு ஸ்பேஸ் சேர்ப்பது, விளக்கக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றுவது என்று குப்பை விண்ணப்பங்கள் உலகெங்கும் குவிந்தன. அதில் இந்தியாவிலிருந்து போனதற்கும் குறைவில்லை. மாதம் பிறந்த சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்ட்டுகளை மட்டும் கணக்கில் எடுப்போம் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. நம் ஊர்ப் பெயர் கெட்டதுதான் மிச்சம். ஃபார்மேட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டில் இப்படி ஸ்பேஸ் திருத்தி டி-ஷர்ட் வாங்க இடமே இருக்காது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. லினக்ஸ் கெர்னலில் 'ஸ்டேஜிங்' என்ற பகுதியை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னும் தரம் சேராத டிரைவர்கள் அங்கே இருக்கும். ஸ்டைல் பிழையைத் திருத்தி முதல் பேட்ச் அனுப்பிப் பழக அதுதான் இடம். மற்ற பகுதிகளில் வெறும் ஸ்பேஸ் திருத்தம் அனுப்பினால் முகம் சுளிப்பார்கள். வாசல் எது, பூஜை அறை எது என்று தெளிவாகச் சொல்லியிருப்பதால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விடலாமா? டேப் சண்டையிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. பார்வையற்ற நிரலாளர்கள் சிலர் பிரெய்ல் திரையில் படிக்கிறார்கள். அதில் ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு கட்டத்தை விழுங்கும். நான்கு நான்காக மூன்று அடுக்கு தள்ளினால் பன்னிரண்டு கட்டம் வீண். டேப் என்றால் அடுக்குக்கு ஒன்றே போதும். நம் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கருவி கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும்.

வைசியாள் வீதிப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும். திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் என்று முகப்புகளைப் பழையபடி மீட்டு வைத்திருக்கிறார்கள். தெருவில் நடப்பவர் கண்ணுக்கு வரிசை கெடக்கூடாது என்பதுதான் கவலை. உள்ளே அடுப்பங்கரையில் என்ன டைல்ஸ் போடுவது என்று யாரும் விதி போடவில்லை. ஃபார்மேட்டருக்கும் அந்த அளவு அதிகாரம் போதும் என்பது என் எண்ணம்.

தமிழ் வந்தால் விதி தடுமாறும்

இதுவரை சொன்னதெல்லாம் உலகத்துக்குப் பொது. தமிழில் வேலை செய்யும் ப்ராஜெக்ட்டுகளுக்குத் தனித் தலைவலிகள் உண்டு. அவற்றைத்தான் நம் குழுக்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

'புதுச்சேரி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஐந்து. பைத்தானைக் கேட்டால் பத்து என்கும். 'பு' என்பது அதற்கு 'ப' ஒன்று, உகரக் குறி ஒன்று. வரி நீளத்தை இப்படி எண்ணும் சோதனைக் கருவி, திரையில் பாதிதான் நிறைந்திருக்கும் தமிழ் கமென்ட்டைப் பார்த்து 'வரி நீண்டுவிட்டது' என்று கத்தும். துளை அட்டைக் கணக்குக்கு உயிர்மெய் தெரியாது. தமிழ் கமென்ட்டுக்கு அந்த விதியை அணைத்து வைப்பதில் தப்பே இல்லை.

எழுத்தைச் சரியாக எண்ணுவதற்கே தன்னார்வலர்கள் 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகத்தை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் உயிர், மெய், அகரம் என்ற சொற்களே ஆங்கில எழுத்தில் மாறிப்பெயர்களாக நிற்கும். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். உயிர்மெய் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் தேடிக்கொண்டிருந்தால் படிக்கிற தமிழருக்கும் புரியாது, ஆங்கிலேயருக்கும் புரியாது.

கமென்ட்டைத் தமிழில் எழுதலாமா? உங்கள் மொழி தெரியாதவர் யாரும் படிக்கப்போவதில்லை என்பதில் 120 சதவீதம் உறுதியாக இருந்தால் தவிர ஆங்கிலத்திலேயே எழுதுங்கள் என்கிறது பெப் 8. ஆங்கிலத்தில் எழுதும்போது அமெரிக்காவின் பழைய நடைக் கையேடு ஒன்றைப் பின்பற்றச் சொல்லியும் அதில் ஒரு வரி இருந்தது. 2020-ல் அதை எடுத்துவிட்டு, நீங்கள் எழுதும் மொழி தெரிந்த மற்றவர்களுக்குத் தெளிவாகப் புரிந்தால் போதும் என்று மாற்றினார்கள். மாற்றத்தோடு எழுதிய காரணக் குறிப்பு பெரிய சண்டையைக் கிளப்பியது. ஆனால் மாற்றம் நமக்கு நல்லது. ஆங்கில இலக்கணம் பார்த்து ரிவ்யூவில் திருத்துபவர்களிடம் இனி அந்த வரியைக் காட்டலாம். தமிழ் இலக்கணத்தையே கையாளும் ப்ராஜெக்ட் என்றால், சந்தி விதி பற்றிய விளக்கத்தைத் தமிழில் எழுதுவதுதான் முறை. அதைத் தொடப்போகிறவருக்குத் தமிழ் தெரிந்தே ஆக வேண்டும்.

கமா, ஸ்பேஸை விட அவசரமாக இயந்திரத்தை உட்கார வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'கோரிமேடு' என்று டைப் செய்யுங்கள். அந்த 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பு தனி, கால் தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. தேடினால் பாதி கோரிமேடு கிடைக்காது. 'ஔவையார்' என்பதை 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து டைப் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'எ' போடும் இடத்தில் தமிழ் எண் ஏழு வந்து உட்காரும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மனித ரிவ்யூவால் முடியாத இதை, இருபது வரி சோதனை நிரல் ஒவ்வொரு முறையும் பிடித்துவிடும். இரட்டை மேற்கோளா ஒற்றை மேற்கோளா என்று விதி எழுதி வைத்திருக்கும் தமிழ் ப்ராஜெக்டில் இந்த விதி இல்லையென்றால், அந்த விதிப் பட்டியலைத் திரும்ப எழுத வேண்டும்.

நமக்கு இந்த வலி புதிதில்லை. 1990-களின் கடைசியில் தமிழ்த் தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபான்ட் இறக்க வேண்டியிருந்தது, இறக்காவிட்டால் திரையில் கிறுக்கல்தான். உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் வாதாடி வாதாடி 'டிஸ்கி' என்ற பொது முறையை உருவாக்கினார்கள். அதுவும் தன்னார்வ வேலைதான். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட 2010 ஆனது.

கடைசியாக, எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாதது, பெயர். இந்த ஊரின் பெயரையே எடுங்கள். 2006 அக்டோபரில் சட்டப்படி 'பாண்டிச்சேரி' 'புதுச்சேரி' ஆனது. சர்வதேசக் குறியீட்டில் இன்னும் 'பி-ஒய்'. பேச்சில் 'பாண்டி'. ஒரே ப்ராஜெக்டில் மூன்று பேர் மூன்று மாறிப்பெயர் வைப்பார்கள், ஃபார்மேட்டர் மூன்றையும் அழகாக அடுக்கிவைக்கும்.

ஆட்பெயர் இன்னும் மோசம். கடலூரில் பிறந்த முத்துவை ஆங்கிலத்தில் எழுதும் விதம் வேறு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து ஆவணங்களில் இருக்கும் புதுச்சேரி முத்துவுக்கு உகரம் வரும் இடமெல்லாம் 'ஓ-யு', நடுவில் இரண்டு 'டி'. ராமசாமிக்கும் கந்தசாமிக்கும் 'எஸ்' இரண்டு. இங்கே பல குடும்பங்களில் அட்டையில் ஒன்று, தாத்தாவின் பத்திரத்தில் இன்னொன்று. உள்ளூர் நூலகத்துக்கோ, ரத்ததானப் பட்டியலுக்கோ தன்னார்வலர்கள் ஒரு செயலி எழுதினால், இந்த இரண்டு முத்துவும் ஒருவரா இருவரா என்பதில்தான் அது தடுக்கி விழும். ரிவ்யூவில் மனிதர்கள் பேசியே தீர வேண்டிய விஷயம் இது. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து ரிவ்யூ செய்பவருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. லாஸ்பேட்டையிலிருந்து முதல் புல் ரிக்வெஸ்ட் போடும் மாணவிக்குத் தெரிந்திருக்கும்.

பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் ஒரு பத்தி, ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு பத்தி, தமிழ் ஒரு பத்தி என்று சாதாரண அட்டவணைக் கோப்பு ஒன்றை ப்ராஜெக்டில் வைக்கலாம். முதலில் நாற்பது பெயர் இருந்தால் போதும். அதில் வரி சேர்க்க பைத்தான்கூடத் தெரிய வேண்டாம், முத்தியால்பேட்டையில் பழைய பத்திரம் வைத்திருக்கும் எந்த வீட்டுப் பிள்ளையும் செல்போனிலிருந்தே சேர்க்கலாம்.